கால்வாய்க் கரையில் மூன்று நாள் ஆபீசர்

என் தம்பிக்கு ஒரு வியாதி உண்டு. பெங்களூர் போய் வரும்போதெல்லாம் எதையாவது வாங்கி வருவான். இரண்டு நாள் வைத்து விளையாடுவான். பிறகு அதன் மேல் துணி காயப்போடுவான். பலமனேரில் அவன் வீட்டு வராந்தாவில் இப்போது லுங்கிகள் காய்வது ஒரு கிராவல் சைக்கிளின் மேல். சரளையிலும் செம்மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள் அது. டயர் தடிமன், உடம்பு ஒல்லி, கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும்.

கோடை விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள் நான் புத்தூரிலிருந்து போய், லுங்கிகளை மடித்து வைத்துவிட்டு, சைக்கிளை வெளியே எடுத்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "விழுந்து கைகால ஒடச்சிக்கப் போறக்கா" என்றான் தம்பி. எலும்பு கட்டிக்கொள்ள மூன்று மாநிலத்து ஜனங்களும் எங்கள் புத்தூருக்குத்தான் வருகிறார்கள். ஒடிந்தால் வீட்டிலிருந்து நடந்தே போய்க் கட்டிக்கொள்வேன் என்றேன். காலும் ஒடிந்தால் எப்படி நடப்பாய் என்று அவன் கேட்டபோது நான் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

குப்பம் பக்கத்தில் கால்வாய்க் கரையோடு ஒரு சரளைப் பாதை போகிறது, அதைப் பிடித்தால் மூடிப்போன தங்கச் சுரங்கம் வரை போகலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். புத்தூரும் குப்பமும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். மாவட்டத்தைப் பிரித்தபோது நாங்கள் திருப்பதியோடு போனோம், அவர்கள் சித்தூரோடு நின்றுவிட்டார்கள். ஆக, எனக்கு இது வெளிநாட்டுப் பயணம்தான். விசா மட்டும் கேட்கவில்லை.

பஸ் கண்டக்டர் சைக்கிளை ஏற்ற மறுத்துவிட்டார். "மடிச்சி மடியில வெச்சிக்கினா ஏறுங்க" என்றார். கடைசியில் பலமனேர் மண்டியில் தக்காளி இறக்கிவிட்டுச் சாந்திபுரத்துக்குத் திரும்பும் மினி லாரி ஒன்று கிடைத்தது. காலிக் கிரேடுப் பெட்டிகளுக்கு நடுவில் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குச் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

"கேரியர் இல்ல. ஸ்டேண்டு இல்ல. மட்கார்டு இல்ல. பெல்லு கூட இல்ல" என்று விரல் விட்டு எண்ணினார். "எல்லாத்தயும் கழட்டிட்டு வெலய மட்டும் ஏத்திட்டாங்களா மேடம்?"

எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சாந்திபுரம் தாண்டி அவர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கால்வாய் தெரிந்தது. அந்தக் கோடையில் அதிசயமாகத் தண்ணீர் விட்டிருந்தார்கள். பாசிப்பச்சை நிறத்தில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் ஹெல்மெட்டை மாட்டினேன். தம்பி வற்புறுத்திக் கொடுத்த, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்சட்டையைப் போட்டேன். கைப்பிடியில் தூரமும் வேகமும் காட்டும் சின்னப் பெட்டி, அதன் முன்னால் ஒரு பை, பைக்குள் ஒரு நோட்டு. இந்த அலங்காரத்தோடு ராமகுப்பம் போகும் திசையில் மிதிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் கால்வாய் என்றால் மழைக்கு மறுநாள் மட்டும் ஈரமாக இருக்கும் ஒரு பள்ளம். இங்கே தண்ணீர் பக்கத்திலேயே கூட வருகிறது, கொக்குகள் வரிசையாக நிற்கின்றன, சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறக்கிறது. சொர்க்கம் என்று சொல்லியிருப்பேன், ஒரு விஷயம் மட்டும் உறுத்தாமல் இருந்திருந்தால். தூரத்தில் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்கும். நான் கிட்டே போனதும் நின்றுவிடும். கொஞ்ச தூரம் போனால் அடுத்த சத்தம். அதுவும் நிற்கும். எனக்கு முன்னால் யாரோ போய்க் கரை முழுவதையும் ஊமையாக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அப்புறம் உபசாரம் தொடங்கியது. ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் ஒரு பை கத்திரிக்காய் கொடுத்தார். குப்பத்துக்காரர்கள் தங்கமானவர்கள் என்று நோட்டில் எழுதினேன். நான் எழுதுவதைப் பார்த்ததும் கத்திரிக்காய்க்காரர் ஓடிப்போய் இன்னொரு பை கொண்டுவந்தார்.

மூன்றாவது இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அங்கே ஒரு பெண் என்னைக் கண்டதும் ஓடிக்கொண்டிருந்த எதையோ நிறுத்தினார், மேலே கோணிப்பையைப் போட்டார், அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். சூடு தாங்காமல் உடனே எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார். கோணிக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

கால்வாய்த் தண்ணீர் ஏரிகளுக்குப் போகவேண்டியது. நடுவில் இன்ஜின் வைத்து இறைக்கக்கூடாது, பிடித்தால் இன்ஜினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஓடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று யாரோ நம்பிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. மேல்கரையில் யாராவது ஆபீசரைப் பார்த்தால் அடுத்த தோட்டத்துக்குப் போன் அடிக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த தோட்டத்துக்கு. அப்படித்தான் நான் வருகிற செய்தி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நியாயமாக அந்த இடத்திலேயே "நான் ஆபீசர் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருபது வருடமாக, இரைச்சல் போடும் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து "ம்ம்" என்று சொல்லி அடக்கிய பழக்கம். கை தானாக நோட்டைத் திறந்தது. கால்வாயைப் பார்த்தேன், கைப்பிடிப் பெட்டியைப் பார்த்தேன், "ம்ம்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

அவர் பெயர் நாகவேணி. நாற்பது வயதிருக்கும். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன், காரணம் போகப்போகத் தெரியும். "வெயிலுல வந்துகினு இருக்கீங்க, ரெண்டு வாய் துன்னுட்டு போங்க மேடம்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும். எங்கள் வீட்டுக் களி தொண்டையில் நின்று யோசிக்கும். இது நிற்காமல் போய்விட்டது. எனக்கு நாற்காலி போட்டு அவர் நின்றுகொண்டே பரிமாறினார்.

சாப்பிட்டதும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையைக் காட்டினார். தட்டுத் தட்டாக வெள்ளைப் புழுக்கள், மல்பெரி இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு மேலே மேலே ஏறின. நான் ஷூவோடு உள்ளே போனேன். அவர் என் காலைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு புழுத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலாம் ஜுரம் முடிஞ்சி எழுந்திருக்குது மேடம்" என்றார். புழு தோலுரிப்பதை இங்கே ஜுரம் என்கிறார்கள். "இனி ஆறு நாளு துன்னும். இந்த ஆறு நாளு துன்றதுதான் பட்டு. எல வாடுச்சின்னா கூடு கட்டாது. கட்டுனாலும் காயிதம் மாதிரி இருக்கும். தோட்டத்துக்கு ஒரு நாளு தண்ணி தப்புனா இந்த வெயிலுக்கு எல சுருண்டுபோவும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் கெஞ்சுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பட்டு வளர்ப்பு பற்றித் தகவல் தருகிறார் என்று நினைத்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். அவர்கள் வீட்டில் முன்பு எல்லாரும் பிறர் நிலத்தில் கூலி. அரசாங்கம் கொடுத்த இரண்டு ஏக்கர்தான் முதல் சொந்த மண். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, வாரத்துக்கு ஒரு தரம் ரயிலில் வந்துபோவார். இதையும் எழுதினேன்.

"எத்தினி நாளு மேடம் இந்தப் பக்கம் இருப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூணு நாள்" என்றேன். அது சத்தியமான பதில். நான் செய்த அத்தனை விஷமத்திலும் பெரிய தீங்கு செய்தது அந்த ஒரு உண்மைதான்.

இரவு குப்பத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, இரண்டாம் நாள் காலை சாந்திபுரத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். போண்டா சூடாக இருந்தது, சட்னி அதைவிடக் காரமாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்தார்களோ, அல்லது ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லையோ.

"ஜீப் சத்தம் கேட்டால் உஷாராகிவிடுகிறோம் என்று இப்போது சைக்கிளில் அனுப்புகிறார்கள்" என்றார் ஒருவர்.

"பொம்பளை ஆபீசராம். சைக்கிளின் முன்னால் இருக்கும் பெட்டியில் எல்லாத் தோட்டமும் பதிவாகிறதாம்" என்றார் மற்றவர். "டயர் ஏன் அவ்வளவு தடிமன் தெரியுமா? வரப்பில் ஏறி வந்து பிடிப்பதற்கு."

போண்டா மூக்கில் ஏறுமளவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இன்னொரு டீ சொன்னேன். அன்று கரையில் ஒரு இன்ஜின் சத்தமும் கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. கணக்கு டீச்சர்.

கால்வாயை விட்டு மேற்கே திரும்பிய செம்மண் பாதை சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது. கம்பி வேலி, பூட்டிய கேட், உள்ளே துருப்பிடித்த இரும்புக் கோபுரம். அதன் பக்கத்தில் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மணல், ஒரு சின்ன மலை உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில். ஒரு செடி முளைக்கவில்லை. தங்கம் தோண்டிய ஊர் என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரர் கழுத்தில்கூடக் கறுப்புக் கயிறுதான்.

மணல் மேட்டுக்குக் கீழே ஏரியின் வால்பகுதி சதுப்பாகக் கிடந்தது. ஆளுயரம் சம்புக் கோரை, நடுவில் நீல நிறத் தாழைக்கோழிகள் சிவந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தன. இதைக் கிட்டே போய்ப் படமெடுக்க ஆசைப்பட்டேன். தடித்த டயர் எங்கும் போகும் என்று தம்பி சொல்லியிருந்தான். போயிற்று. சேற்றுக்குள் பாதிச் சக்கரம்வரை போயிற்று, பின்னாலேயே நானும் முழங்கால்வரை போனேன்.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் எருமைக் கயிற்றை வீசினார். பெயர் பெருமாள், ஐம்பது வயதுக்கு மேல். முதலில் சைக்கிளை இழுத்தார், பிறகு என்னை.

"நீங்க ஆபீசரு இல்ல" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆபீசருங்க சேத்துல எறங்க மாட்டாங்க."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சேற்றிலேயே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. "மூணு நாளு இருப்பேன்னு சொல்லிட்டீங்களாமே. போன்ல எல்லாருக்கும் சேதி போச்சி. நேத்து மத்தியானத்துலேந்து ஒருத்தனும் இன்ஜின் எடுக்கல. மத்தவங்கது தக்காளி, கத்திரி, தாங்கும். நாகவேணிதுதான் பாவம். எல சுருண்டுக்கினு கெடக்குது, புழு வாயத் தெறந்துக்கினு கெடக்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டுக் களி, அவர் போட்ட நாற்காலி, சூட்டில் எழுந்தெழுந்து உட்கார்ந்த அவர் முகம் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். என்னோடு வந்து ஊராரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று பெருமாளைக் கேட்டேன்.

"நான் சொன்னா எவன் கேப்பான்? எம் எருமை துன்னாத தோட்டம் இந்தப் பக்கத்துல ஒண்ணுகூட லேது" என்றார்.

சேறு காயாத காலோடு நாகவேணி வீட்டுக்கு மிதித்தேன். தோட்டத்தில் மல்பெரி இலைகள் ஓரம் சுருண்டு தொங்கின. அவர் நல்ல இலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் கூடினார்கள். நான் ஆபீசர் இல்லை, புத்தூரில் கணக்கு டீச்சர், விடுமுறைக்குச் சுற்ற வந்தேன் என்று சொன்னேன்.

"ஆமா மேடம். டீச்சருதான்" என்றார் நாகவேணி மிகுந்த மரியாதையோடு.

"போன தடவ வந்தவரு மாட்டு டாக்டருன்னு சொன்னாரு" என்றார் பின்னால் ஒருவர். "ரெண்டு இன்ஜின ஏத்திக்கினு போனாரு."

பையிலிருந்து பள்ளி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் இருந்த அரசு முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். சரி, தம்பி சொல்லட்டும் என்று அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "டேய், நான் யாருன்னு இவங்களுக்குச் சொல்லு" என்றேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன், விஷயம் புரியாமலே வாய்ப்பை விடவில்லை. "மேடமா? ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க. யாரு பேச்சும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கு அன்றைக்குச் சாபம் கொடுத்தேன். இன்றுவரை பலிக்கவில்லை.

"நான் இப்பவே பலமனேர் போயிடறேன், நீங்க இன்ஜின எடுங்க" என்றேன்.

"அந்த மாட்டு டாக்டரும் போயிட்டாருன்னு நெனச்சித்தான் எடுத்தோம்" என்றார் நாகவேணி. "ஏரி வளைவுல நின்னுகினு இருந்தாரு." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. பலமனேர் போக மனம் வராமல் அன்றும் குப்பத்து லாட்ஜுக்கே திரும்பினேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நேராக அவர் தோட்டத்துக்குப் போனேன். யோசித்ததில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஆபீசர் இல்லை என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆபீசர் எந்தக் காலத்திலும் செய்யாத ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும்.

"இன்ஜின எடுத்துக்கினு வாங்க. நான் ஸ்டார்ட் பண்றேன்" என்றேன். "உங்க போன்ல வீடியோ எடுங்க. என் மூஞ்சி, அடையாள அட்டை, கால்வாய், எல்லாம் தெரியணும். நான் மாட்டி விட்டா நீங்க அதக் காட்டுங்க. எனக்குத்தான் முதல்ல வேலை போவும்."

நாகவேணி என் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வைக்கோல் போருக்கு அடியிலிருந்து இன்ஜினை இழுத்து வந்து, உறிஞ்சும் குழாயைக் கால்வாயில் போட்டு, டியூபை வாய்க்கால் பக்கம் விரித்தார். அதற்குள் அக்கம்பக்கத்தாரும் கூடிவிட்டார்கள், அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுற்றி இழுத்தேன். அது முனகிவிட்டு நின்றது. இன்னொரு தரம் இழுத்தேன். நாலாவது தரம் கயிறு கையோடு வந்து நான் மல்லாக்க விழுந்தேன். கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும்.

"மேடம் பேரு சொல்லிட்டு இழுங்க, ரிக்கார்டு ஆவுது" என்றார் நாகவேணி சிரிக்காமல்.

என் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், வகிக்கும் பதவி எல்லாம் சொல்லிவிட்டு இழுத்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. டியூப் உப்பியது, தண்ணீர் வாய்க்காலில் குதித்து மல்பெரி வரிசைக்குள் ஓடியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கீழ்க்கரையில் ஒரு இன்ஜின், அதற்கப்பால் இன்னொன்று. அரசுப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போடாத நான், ஒரு கால்வாய் முழுக்கத் தண்ணீர் திருட்டைத் தொடங்கி வைத்திருந்தேன்.

நாகவேணி நன்றி சொல்லவில்லை. மூன்று நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. "உனுக்கு வெளாட்டு. எனுக்கு நாலு தட்டு புழு பட்டினி. எங்க வயித்துல அடிச்சிட்டியேக்கா" என்றார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். பேசி முடித்ததும் கையில் ஒரு அரிவாளைக் கொடுத்தார். போர்வெல் வைத்திருக்கும் ஒரு கீழ்க்கரை வீட்டில் மிச்சமிருக்கும் இலையைக் கேட்டு வாங்கியிருந்தார், வெட்ட ஆள் இல்லை. வெட்டிக் கட்டி, தலையில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

"செருப்ப வெளிய உடு. காலக் கழுவுக்கா. ஊரு அழுக்கெல்லாம் புழுவுக்கு ஆவாது. அன்னிக்கி ஷூவோட வந்த, பயத்துல வாய மூடிக்கினு இருந்தேன்."

காலைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். இலையைப் பரப்பியதும் தட்டுகளில் ஒரு அசைவு வந்தது. கடைசி நாலு தட்டில் பாதிக்கு மேல் அசையவில்லை. அவர் அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒரு மூலையில் கொட்டினார். நானும் கூட உட்கார்ந்து பொறுக்கினேன். மத்தியானம் களி போட்டார். நாற்காலி வரவில்லை, தரையில் அவர் பக்கத்திலேயே தட்டு வைத்தார்.

கிளம்பும்போது வீடியோவை அழித்துவிடச் சொன்னேன்.

"கூடு கட்டி முடிக்கட்டும்" என்றார்.

புத்தூர் திரும்பி எத்தனையோ விதமாகக் கற்பனை செய்தேன். வீடியோ கைமாறி, ஊர்மாறி, எங்கள் ஹெட்மாஸ்டர் போனுக்கு வருவதாக. சைக்கிள் மறுபடியும் தம்பி வராந்தாவில் லுங்கிகளுக்கு அடியில் போய்விட்டது. போன் அடித்தாலே முதலில் ஹெட்மாஸ்டர் பெயரா என்று பார்த்தேன். இதற்கிடையில் புழுக்களுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை வேறு, அது வீடியோ கவலையைவிடப் பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

ஒன்பதாம் நாள் படம் ஒன்று வந்தது. புழு கூடு கட்டுவதற்கென்று மூங்கிலில் பின்னிய சந்திரிகைத் தட்டு நிறைய மஞ்சள் கூடுகள், தொட்டால் கெட்டியாக இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. கூடவே நாகவேணியின் குரல்.

"நாலு தட்டுதான் போச்சிக்கா, மீதி நல்லா கட்டிக்கிச்சி. வீடியோவ அழிக்கல. அடுத்த புழுப் பயிரு ஆடியில. எல வெட்ட ஆளு பத்தாது, ரெண்டு நாளு லீவு போட்டுகினு வந்துடு."

எந்த அதிகாரியும் எனக்கு இத்தனை தெளிவாக உத்தரவு போட்டதில்லை. வருகிறேன் என்று அந்த நிமிடமே பதில் அனுப்பினேன்.